டேப்பும் மூங்கில் குச்சியும் கொண்டு ஓர் அலை இயந்திரம்

கயிற்றை உதறி அலை காட்டுவது எளிது. ஆனால் கண் பின்தொடர்வதற்குள் அலை மறுமுனைக்குப் போய்விடும். அங்கே முட்டித் திரும்பியபோது அது தலைகீழானதா, அப்படியே வந்ததா என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு வேண்டியிருந்தது, நாம் கூடவே நடந்து போகும் அளவுக்கு மெதுவாக நகரும் ஓர் அலை.

இதற்கான வழியை பெல் ஆய்வகத்தில் வேலை செய்த ஜான் ஷைவ் என்ற இயற்பியலாளர் முன்பே காட்டியிருக்கிறார். மெல்லிய உலோக இழை ஒன்றின் குறுக்கே நீளமான கம்பிகளை வரிசையாகப் பொருத்தி, ஒரு முனைக் கம்பியை ஆட்டினால், இழையின் முறுக்கு ஒவ்வொரு கம்பியாக நகர்ந்து போகும். இன்றும் பல இயற்பியல் வகுப்புகளில் அது ஷைவ் அலை இயந்திரம் என்ற பெயரில் நிற்கிறது. உலோகத்துக்குப் பதில் பேக்கிங் டேப், கம்பிக்குப் பதில் மூங்கில் குச்சி என்று வைத்துச் செய்ததுதான் இந்தப் பதிவு.

தேவைப்பட்டவை: 48 மில்லிமீட்டர் அகல டேப், 30 சென்டிமீட்டர் நீளத்தில் 61 மூங்கில் குச்சிகள், காயாத பொம்மைக் களிமண், நைலான் நூல், ஒரு சின்னக் கப்பி, தண்ணீர் பாட்டில்கள், இரண்டு கிளாம்ப். குச்சிகளின் கூர்முனையை முதலிலேயே வெட்டிவிடுங்கள். கண் மட்டத்தில் ஆடப்போகும் பொருள் இது.

டேப்பைப் பசை மேலே இருக்கும்படி தரையில் நீட்டி, இரு முனைகளையும் ஒட்டி நிறுத்தினேன். பக்கத்தில் அளவு நாடா. 5 சென்டிமீட்டருக்கு ஒரு குச்சி, ஒவ்வொன்றின் நடுப்புள்ளியும் டேப்பின் நடுக்கோட்டில். 61 குச்சிகள் என்றால் 60 இடைவெளிகள், மொத்தம் 3 மீட்டர். அப்புறம் மேலே இன்னொரு டேப்பைப் பசை கீழே இருக்கும்படி ஒட்டி, குச்சிகளை இரண்டுக்கும் நடுவில் சிறைப்படுத்த வேண்டும். குச்சியின் நடுப்புள்ளியை அவசரப்படாமல் குறிப்பது முக்கியம். 2 மில்லிமீட்டர் தள்ளிப்போனாலும் அந்தக் குச்சி ஒரு பக்கம் சாய்ந்து நிற்கும், வரிசை சமமாகத் தெரியாது. களிமண் வைக்கும்போது கொஞ்சம் கூட்டிக் குறைத்து இதைச் சரிக்கட்டலாம்.

இழுவிசையில்தான் நான் அதிகம் கவனம் செலுத்தினேன். டேப்பை இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே இழுத்துக் கட்டினாலும் அலை ஓடும். ஆனால் எவ்வளவு இழுத்தோம் என்பது தெரியாது, அளந்து எதையும் சொல்ல முடியாது. அதனால் ஒரு முனையை மேசையில் கிளாம்ப் செய்தேன். மறுமுனையில் டேப்பை ஒரு குச்சியைச் சுற்றி மடித்து ஒட்டி, அந்தக் குச்சியின் நடுவில் நைலான் நூலைக் கட்டி, கப்பி வழியாகத் தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டேன். 2 லிட்டர் தண்ணீர் என்றால் 2 கிலோ, அதாவது ஏறக்குறைய 20 நியூட்டன். வேறு அளவு வேண்டுமென்றால் தண்ணீரைக் கூட்டினால் போதும். நூலைக் குச்சியின் நடுவில் கட்டாமல் ஓரத்தில் கட்டினால் டேப்பின் ஒரு விளிம்பு விறைத்து மறுவிளிம்பு தொய்ந்துவிடும். அதை மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, ஒவ்வொரு குச்சியின் இரு முனையிலும் 3 கிராம் களிமண் உருண்டை. இந்தப் பாரத்தில் டேப் நடுவில் 9 சென்டிமீட்டர் அளவுக்குத் தொய்கிறது. அலைக்கு அதனால் பெரிய பாதிப்பு இல்லை.

முதல் குச்சியின் முனையை விரலால் மேலே தூக்கிப் பழைய இடத்துக்கே கொண்டுவந்தால் ஒரு மேடு கிளம்புகிறது. அவசரமே இல்லாமல் குச்சி குச்சியாகக் கடந்து, 3 மீட்டரைத் தாண்ட சுமார் 2.7 விநாடி எடுத்துக்கொள்கிறது. விநாடிக்கு 1.1 மீட்டர்: கூடவே நடக்கலாம். எந்தக் குச்சியும் தன் இடத்தை விட்டு ஓர் அங்குலம்கூடப் பயணம் போகவில்லை. ஏறி இறங்கி ஓய்ந்துவிடுகிறது. பயணம் போவது அசைவும் அதனோடு சேர்ந்த ஆற்றலும் மட்டுமே. பாடப்புத்தகத்தில் ஒரு வரியாக வரும் இந்தச் செய்தியை, முப்பதாவது குச்சியின் களிமண்ணில் சிவப்புப் பொட்டு வைத்து அதை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் ஆற அமர உள்வாங்கிக்கொள்ளலாம்.

இனி, இந்தக் கருவி எனக்கு மிகவும் அழுத்தமாகக் காட்டிய விஷயம். குச்சியைப் பெரிதாகத் தூக்கினாலும் 2.7 விநாடி, சின்னதாகத் தூக்கினாலும் 2.7 விநாடி. வெடுக்கென்று ஆட்டினால் மேடு குறுகலாகிறது, நிதானமாக ஆட்டினால் அகலமாகிறது. போய்ச் சேரும் நேரம் மாறுவதில்லை. கை எவ்வளவு வேகமாக ஆட்டுகிறதோ அவ்வளவு வேகமாக அலை ஓடும் என்றுதான் மனம் எதிர்பார்க்கிறது, பார்க்க வந்தவர்கள் எல்லோரும் அதைத்தான் முயன்றார்கள். வீச்சும் அதிர்வெண்ணும் ஆட்டுபவரின் கையில். வேகம் ஊடகத்தின் கையில். இந்த இரண்டும் முடிவான பிறகு அலைநீளத்துக்கு வேறு வழியே இல்லை: வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் வருவதுதான் அது. வேகம் = அதிர்வெண் × அலைநீளம் என்று மனப்பாடம் செய்யும்போது மூன்றும் ஒரே தகுதியில் நிற்பதுபோல் தோன்றும். கருவியின் முன் நின்றால் யார் யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது தெளிவாகிவிடுகிறது.

அப்படியானால் வேகத்தை மாற்ற ஊடகத்தைத் தொட வேண்டும். தண்ணீரை 4 லிட்டராக்கினேன். கடக்கும் நேரம் 1.9 விநாடிக்கு இறங்கியது. இழுவிசை இரண்டு மடங்கு, வேகம் 1.4 மடங்கு, அதாவது 2இன் வர்க்கமூலம். பிறகு 2 லிட்டருக்கே திரும்பி, எல்லாக் களிமண்ணையும் கழற்றிவிட்டுப் பார்த்தேன். வெறும் குச்சிகளில் அலை பறந்தது. கடிகாரத்தால் பிடிக்க முடியாமல் போனில் ஸ்லோ மோஷன் எடுத்து ஃபிரேம்களை எண்ணியதில் 0.85 விநாடி வந்தது, மூன்று மடங்குக்கும் சற்று அதிகமான வேகம்.

கணக்கும் இதையேதான் சொல்கிறது. டேப்பை முறுக்கும்போது அதன் விளிம்புகள் நடுக்கோட்டைவிட நீளமான பாதையில் வளைந்து போக வேண்டியிருக்கிறது. பாட்டிலின் எடை அந்த விளிம்புகளை மறுபடி நேராக்கப் பார்க்கிறது. அகலமான நாடா ஒன்றுக்கு இந்த முறுக்கு விறைப்பு, இழுவிசை × அகலத்தின் வர்க்கம் ÷ 12. டேப் பொருளின் சொந்த விறைப்பு இதற்கு முன் ஒன்றுமே இல்லை. எதிர்ப்பக்கம் நிற்பது குச்சிகளின் நிலைமத் திருப்புத்திறன், அதாவது திருப்ப முயன்றால் அவை காட்டும் எதிர்ப்பு. 2 கிராம் குச்சி ஒன்றைவிட, இரு முனையிலும் 3 கிராம் களிமண் வைத்த குச்சியைத் திருப்புவது ஏறக்குறைய 10 மடங்கு கடினம். எடை நான்கு மடங்குதான் கூடியிருக்கிறது, ஆனால் கூடிய எடை முழுவதும் அச்சிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. விறைப்பை, ஒரு மீட்டருக்கான நிலைமத் திருப்புத்திறனால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் வேகம். என் அளவுகளைப் போட்டால் விநாடிக்கு 1.12 மீட்டர் வருகிறது. பேக்கிங் டேப்பிலும் களிமண்ணிலும் செய்த ஒன்று இவ்வளவு நெருங்கி வருவதைப் பார்க்க எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. மீட்கும் விறைப்பு மேலே, அசைய மறுக்கும் நிலைமம் கீழே, மொத்தத்துக்கும் வர்க்கமூலம்: கம்பியில் ஓடும் அலைக்கும் காற்றில் போகும் ஒலிக்கும் இதே அமைப்புதான். ஒலி, காற்றில் 20 டிகிரி செல்சியஸில் விநாடிக்கு 343 மீட்டரும், காற்றைவிடப் பல நூறு மடங்கு அடர்த்தியான தண்ணீரில் 1,480 மீட்டர் அளவுக்கும் போகிறது. அடர்த்தி மட்டும் கூடியிருந்தால் வேகம் குறைந்திருக்க வேண்டும். தண்ணீரை அமுக்குவது அதைவிடப் பன்மடங்கு கடினம் என்பதால்தான் வேகம் கூடுகிறது.

நடுவே ஒன்று. டேப்பை முறுக்காமல் மொத்தமாக மேலும் கீழும் தட்டினால் அதுவும் ஓர் அலையாக ஓடுகிறது, விநாடிக்கு 11 மீட்டர் அளவில். முறுக்கலையைவிடப் பத்து மடங்கு வேகம். ஊடகம் அதே டேப்தான், அசைவின் வகை மட்டும் வேறு. வகைக்கு ஒரு விறைப்பு, வகைக்கு ஒரு வேகம். நிலநடுக்கத்தின்போது பாறைக்குள் பி அலையும் எஸ் அலையும் வெவ்வேறு வேகத்தில் கிளம்பி வருவதும் இப்படித்தான். முந்தி வரும் பி அலைக்கும் பிந்தி வரும் எஸ் அலைக்கும் உள்ள நேர இடைவெளியை வைத்து நடுக்க மையம் எவ்வளவு தூரம் என்று கணக்கிடுகிறார்கள். உங்கள் கருவியில் இரண்டும் கலந்துவிடாமல் இருக்க, முதல் குச்சியின் ஒரு முனையைத் தூக்கும்போது மறுமுனையை அதே அளவு கீழே அழுத்துங்கள்.

சரி, முனைகளுக்கு வருவோம். கப்பிப் பக்கம் நூலில் தொங்குவதால் கடைசிக் குச்சி விருப்பம்போலத் திரும்பலாம். அது கட்டற்ற முனை. மேடாகப் போன துடிப்பு மேடாகவே திரும்பி வருகிறது. திரும்பும் கணத்தில் கடைசிக் குச்சி மட்டும் மற்றவற்றைவிட இரண்டு மடங்கு உயரம் எழும்புகிறது. அதே குச்சியை ஒரு கிளாம்பால் அசையாமல் பிடித்தால் மேடு போய்ப் பள்ளம் திரும்புகிறது. கயிற்றில் சண்டை மூட்டும் கேள்விக்கு இங்கே சண்டையே இல்லை. எல்லோருக்கும் தெரியும் அளவுக்கு மெதுவாக நடக்கிறது.

இரண்டு முனைகளையும் பார்த்ததும் இயல்பாக எழும் கேள்வி: முழுக்கக் கட்டற்றதும் இல்லாமல் முழுக்கக் கட்டப்பட்டதும் இல்லாமல் இருந்தால்? முதல் 30 குச்சிகளில் களிமண், மீதியில் வெறும் குச்சி என்று மாற்றினேன். கனமான பக்கத்திலிருந்து 6 சென்டிமீட்டர் உயர மேடு ஒன்றை அனுப்பினால், எல்லையில் அது இரண்டாகப் பிரிகிறது. 3 சென்டிமீட்டர் மேடு ஒன்று திரும்பி வருகிறது. லேசான பக்கத்துக்குள் 9 சென்டிமீட்டர் மேடு ஓடுகிறது.

வந்தது 6, கடந்தது 9. ஆற்றல் எங்கிருந்தோ முளைத்துவிட்டதா? இல்லை. லேசான குச்சியை 9 சென்டிமீட்டர் ஆட்ட, கனமான குச்சியை 6 சென்டிமீட்டர் ஆட்டுவதைவிடக் குறைந்த ஆற்றல் போதும். ஊடகம் அலைக்குக் கொடுக்கும் இந்த எதிர்ப்புக்கு இம்பீடன்ஸ் என்று பெயர். இங்கே அது விறைப்பும் நிலைமமும் பெருக்கிய தொகையின் வர்க்கமூலம், ஆகவே இரு பக்கங்களுக்கும் விகிதம் ஏறக்குறைய 3.2க்கு 1. அதிலிருந்து கணக்கிட்டால் ஆற்றலில் 27 சதவீதம் திரும்புகிறது, 73 சதவீதம் கடக்கிறது, கூட்டினால் நூறு. எதிர்த்திசையில், லேசான பக்கத்திலிருந்து அனுப்பினால் திரும்புவது தலைகீழாக இருக்கும், கடப்பது பாதி உயரத்துக்குக் குறைந்துவிடும். ஆற்றல் பங்கீடு மட்டும் அதே 27, 73. எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் எல்லை திருப்பி அனுப்பும் பங்கு ஒன்றே என்பது இந்தக் கருவியில் பார்த்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது.

தொடர்ந்து ஆட்டிக்கொண்டே இருந்தால் இன்னொன்றும் தெரியும். எல்லைக்கு இரு பக்கமும் குச்சிகள் விநாடிக்கு ஒரே எண்ணிக்கையில்தான் ஆடுகின்றன. வேறு விதமாக இருக்கவும் முடியாது, எல்லையில் அவை ஒட்டிக்கொண்டிருக்கின்றன. வேகம் மாறி அதிர்வெண் மாறாததால் அலைநீளம் மூன்று மடங்குக்கு மேல் நீள்கிறது. ஒளி கண்ணாடிக்குள் நுழையும்போது நடப்பது இதன் மறுபக்கம்: வேகமும் அலைநீளமும் குறையும், அதிர்வெண் அப்படியே இருக்கும்.

எல்லையைத் திடீரென்று வைக்காமல், களிமண்ணை 3 கிராமிலிருந்து இருபது குச்சிகளில் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போய்ப் பாருங்கள். உருண்டைகளை நிறுத்து நிறுத்து உருட்டுவது பொறுமையைக் கேட்கும் வேலைதான். பலன் அதற்குத் தகுந்தது: குறுகலான துடிப்பு அனுப்பினால் திரும்பி வருவது தேடிப் பார்க்கும் அளவுக்குச் சிறுத்துவிடுகிறது, ஏறக்குறைய முழுதும் கடந்துபோகிறது. எக்காளத்தின் வாய் ஏன் சட்டென்று முடியாமல் விரிந்துகொண்டே போகிறது என்பதற்கும் இதுவே பதில். ஸ்கேன் எடுக்கும்போது தோலில் பூசும் ஜெல்லும் இதே குடும்பம். கருவிக்கும் தோலுக்கும் இடையே மெல்லிய காற்றுப்படலம் இருந்தாலே மீயொலி உள்ளே போகாமல் திரும்பிவிடும். ஜெல் அந்தக் காற்றை வெளியேற்றுகிறது.

இரண்டு பக்கத்திலிருந்தும் ஒரே நேரத்தில் அனுப்பிப் பார்க்க ஓர் ஆள் துணை வேண்டும். எல்லாக் குச்சியிலும் களிமண் மறுபடி வைத்துவிட்டு, நான் ஒரு மேடும் எதிர்ப்பக்கத்திலிருந்து அவர் அதே அளவு பள்ளமும் அனுப்பினோம். நடுவில் சந்திக்கும்போது ஒரு கணம் வரிசை முழுக்கச் சமமாகிவிடுகிறது. அடுத்த கணம் மேடு என் எதிர்ப்பக்கமும் பள்ளம் என் பக்கமும் எதுவும் நடக்காததுபோல வெளிப்படுகின்றன. சமமாக இருந்த அந்தக் கணத்தில் ஆற்றல் எங்கே போனது? ஸ்லோ மோஷனில் அந்த ஃபிரேமை நிறுத்திப் பார்த்தேன். ஓய்ந்திருக்கும் குச்சிகளின் களிமண் உருண்டைகள் தெளிவாக இருக்கின்றன. சந்திப்பு இடத்துக் குச்சிகளின் உருண்டைகள் மட்டும் கலங்கி, நீண்டு தெரிகின்றன. இடப்பெயர்ச்சி பூஜ்யம், வேகமோ உச்சம். முறுக்கில் இருந்த ஆற்றல் எல்லாம் அந்தக் கணத்துக்கு இயக்கமாக மாறியிருக்கிறது.

அதோடு நடுக்குச்சியைக் கவனியுங்கள். தொடக்கம் முதல் முடிவு வரை அது அசைவதே இல்லை. அதை ஒரு கிளாம்பால் பிடித்துவிட்டு மறுபடி செய்தால் காட்சி துளியும் மாறாது. ஆனால் இப்போது மேடு எதுவும் கடந்திருக்க வழியில்லை, இரண்டும் நடுவில் முட்டித் தலைகீழாகித் தத்தம் பக்கம் திரும்பியிருக்கின்றன. இரண்டு அலைகள் ஒன்றையொன்று ஊடுருவிப் போனதும், ஒன்றில் ஒன்று மோதித் திரும்பியதும் இந்த அமைப்பில் பிரித்துச் சொல்ல முடியாத ஒரே நிகழ்ச்சி. கட்டப்பட்ட முனையில் துடிப்பு ஏன் தலைகீழாகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

நிலை அலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், அவை எளிதாகவே கிடைக்கின்றன. கடைசிக் குச்சியைக் கட்டிவிட்டு, முதல் குச்சியைச் சிறிய வீச்சில் 5.3 விநாடிக்கு ஒருமுறை ஆட்டினால் வரிசை முழுவதும் ஒரே வளைவாக எழுந்து இறங்குகிறது. அந்த 5.3 என்பது துடிப்பு ஒன்று போய்த் திரும்பி வரும் நேரமேதான். அதில் பாதியான 2.65 விநாடியில் நடுவில் ஒரு கணு (அசையாமலே நிற்கும் இடம்), மூன்றில் ஒரு பங்கான 1.8 விநாடியில் இரண்டு கணுக்கள். இடைப்பட்ட நேரங்களில் ஆட்டினால் கை வலிப்பதுதான் மிச்சம், வீச்சு வளராது.

ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். அலைநீளம் குச்சிகளின் இடைவெளியைவிட நிறைய பெரிதாக இருக்கும்வரைதான் வேகம் அதிர்வெண்ணைப் பொருட்படுத்தாது. குச்சியை விரலால் சுண்டி மிகக் கூர்மையான துடிப்பு அனுப்பினால் அது வடிவம் குலைந்து, பின்னால் சின்னச் சின்ன நெளிவுகள் வால்போலத் தொடர்கின்றன. குறுகிய அலைகள் பின்தங்குவதுதான் காரணம். இந்த அமைப்பில் விநாடிக்கு 7 அதிர்வுகளுக்கு மேல் அலை ஓடவே ஓடாது, ஆட்டும் இடத்திலேயே அடங்கிவிடும். குச்சிகளை நெருக்கி வைத்தால் இந்த வரம்பை உயர்த்தலாம்.

கடைசியாகச் சேர்த்தது ஒரு துடுப்பு. கட்டற்ற முனையில் இருக்கும் கடைசிக் குச்சியின் ஒரு நுனியில் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றைத் தொங்கவிட்டு, கீழே தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்தினேன். மறுநுனியில் அதற்கு ஈடாகக் கொஞ்சம் களிமண். தகடு நுனி மட்டும் நனைந்தால் மேடு மேடாகவே, சற்றுச் சிறுத்துத் திரும்புகிறது. ஆழமாக அமிழ்த்தினால் பள்ளமாகத் திரும்புகிறது. இரண்டுக்கும் நடுவில் ஓர் ஆழத்தில் எதுவுமே திரும்புவதில்லை. துடுப்பின் இழுவை டேப்பின் இம்பீடன்ஸுக்குச் சமமாகும் இடம் அது. அலையைப் பொறுத்தவரை 3 மீட்டர் டேப் முடிவில்லாமல் நீள்கிறது. தொட்டியை ஏற்றி இறக்க அடியில் அட்டைத் துண்டுகளை அடுக்குவது வசதியானது. தகட்டின் அகலத்தைப் பொறுத்து அந்த ஆழம் மாறும். அதோடு தண்ணீரின் இழுவை வேகத்தோடு சேர்ந்து கூடுவதால், பெரிய துடிப்புக்கும் சிறிய துடிப்புக்கும் சரியான ஆழம் கொஞ்சம் வேறுபடும். 5 சென்டிமீட்டர் உயரத் துடிப்பை வைத்துச் சரிசெய்துகொண்டு, மற்ற சோதனைகளையும் அதே அளவில் செய்யுங்கள்.

வேலை முடிந்ததும் பாட்டிலை இறக்கிவிடுங்கள். பாரத்தோடே விட்டால் டேப் மெல்ல நீண்டு, குச்சிகளின் பிடி தளர்ந்துவிடும். களிமண்ணைக் கழற்றாமல் குச்சிகளை ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அடுக்கினால் முழுக் கருவியும் ஒரு நீளமான அட்டைப் பெட்டியில் அடங்கிவிடுகிறது.